மருந்தும் நாமும் – 7: முடிவுத் தேதி இல்லாத குளிசை

வலி நிவாரணிகள் இரைப்பையைப் புண்ணாக்கும் விதத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தப் புண்ணை ஆற்றவும் நெஞ்செரிவைத் தணிக்கவும் எழுதப்படும் ஒமெப்ரசோல் பற்றியது இந்த வாரம். 1988இல் விற்பனைக்கு வந்த இந்த மருந்து, அமிலம் சுரக்கும் பம்புகளையே செயலிழக்கச் செய்கிறது. பல உயிர்களைக் காத்த மருந்து அது, அதில் சந்தேகமில்லை. ஆனால் சாதாரண நெஞ்செரிவுக்கு நான்கு முதல் எட்டு வாரம் போதுமான குளிசை, கண்டியிலும் சுற்றுப்புறங்களிலும் பலருடைய கிளினிக் கொப்பிகளில் மாதாமாதம் எழுதப்பட்டு வருடக்கணக்கில் நீள்கிறது. ஆபத்து மருந்தில் இருப்பதைவிட இந்த முடிவில்லாமையில்தான் அதிகம் இருக்கிறது.

இரைப்பை அமிலம் உடலுக்கு வேண்டிய ஒன்று. உணவிலிருந்து வைட்டமின் பி12ஐப் பிரிப்பதும், மரக்கறியிலுள்ள இரும்புச்சத்தை உறிஞ்சத் துணைசெய்வதும், உணவோடு வரும் கிருமிகளைக் கொல்வதும் அதுவே. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இவ்வகை மருந்து எடுத்தவர்களிடையே பி12 குறைபாடு கூடுதலாக இருப்பதை 2013இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010இல் எலும்பு முறிவு பற்றியும் 2011இல் மக்னீசியக் குறைவு பற்றியும் எச்சரித்தது. நம் ஊர் நிலைமையை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நீரிழிவுக்குத் தரப்படும் மெட்ஃபோர்மினும் பி12ஐக் குறைக்கும். இரண்டையும் சேர்த்து எடுப்பவரின் கால் விறைப்புக்குச் சீனி வருத்தமே காரணம் என்று எல்லோரும் நினைத்துவிட, பி12 குறைபாடு கவனிக்கப்படாமலே போகலாம். ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைத் தோட்டங்களில் இறைச்சி, மீன் குறைவாக உண்டு, சாப்பாட்டோடு தேநீரும் குடிக்கும் பெண்களுக்கு இரும்புச்சத்து ஏற்கெனவே குறைவாகவே சேர்கிறது. அவர்களுக்கு அமிலமும் குறைந்தால் இழப்பு இரட்டிப்பாகும்.

இவையெல்லாம் வீண் பயம் என்பார்கள் சிலர். அவர்கள் பக்கமும் வலுவான ஆதாரம் உண்டு. இவ்வகை மருந்து பற்றி 17,598 பேரை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தொடர்ந்த கொம்பாஸ் ஆய்வில், 2019இல் வெளியான முடிவின்படி, குடல் தொற்று மட்டுமே சற்றுக் கூடியது. மறதி நோய், சிறுநீரக நோய், எலும்பு முறிவு எதுவும் கூடவில்லை. ஆகவே இக்குளிசை மூளையைக் கெடுக்கும் என்று பயமுறுத்துவது ஆதாரத்தை மீறிய பேச்சு. அதேவேளை, மூன்று ஆண்டு ஆய்வு பத்து ஆண்டுப் பாவனைக்கு உத்தரவாதமாகாது. “நிறுத்தினால் எரிகிறதே, அப்படியானால் எனக்குத் தேவைதானே?” என்பது இன்னொரு வாதம். 2009இல் வெளியான டென்மார்க் ஆய்வில், எந்த வருத்தமும் இல்லாத 120 பேரில் ஒரு பாதிக்கு எட்டு வாரம் இவ்வகை மருந்து தரப்பட்டது. நிறுத்திய பின் அவர்களில் 44 வீதத்தினருக்கு நெஞ்செரிவு போன்ற தொல்லைகள் வந்தன. வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 15 வீதத்தினருக்கே வந்தன. நிறுத்தியதும் வரும் எரிவு பழைய நோயாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. படிப்படியாகக் குறைத்தால் அதைத் தாங்கலாம்.

பேராதனை மருத்துவ பீடாதிபதியாக இருந்த பேராசிரியர் சேனக பிபிலே, 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை உருவாக்கி, தேவையான மருந்து ஏழைக்கும் எட்ட வழி செய்தார். மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகத் தேவையற்றதை விழுங்குவது அந்த உழைப்புக்கு மரியாதையல்ல. இரைப்பையில் இரத்தம் கசிந்தவர்கள், இதய நோய்க்கு அஸ்பிரின் எடுப்பவர்கள், உணவுக்குழாய் கடுமையாகப் புண்ணானவர்கள் தாங்களாக இதை நிறுத்தக் கூடாது. மற்றவர்கள் அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் கேளுங்கள்: இது எதற்கு, எப்போது வரை?