பிக்கப் வண்டியைத் தாழ்த்தியபின் எழும் கோளாறுகள்

பிக்கப் வண்டியின் உயரத்தைக் குறைத்தபின் சஸ்பென்ஷனில் தோன்றும் கோளாறுகளை அறிகுறிகளைக் கொண்டே கண்டறியலாம்.

பள்ளத்தில் இறங்கும்போது இடியோசை கேட்டால், அச்சு ரப்பர் தடுப்பில் மோதுகிறது எனலாம். வேகத்தில் வண்டி அதிர்ந்தால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணத்தையும், டயர் ஒருபுறமே தேய்ந்தால் வீல் அலைன்மென்ட்டையும் சோதிக்க வேண்டும். வெற்று வண்டியில் பிரேக் அழுத்தியதும் பின்சக்கரங்கள் இறுகிச் சறுக்குவதே பேராபத்து. சுமைக்கேற்ப இயங்கும் பிரேக் வால்வு உள்ள வண்டிகளில், அவ்வால்வு தாழ்ந்த வண்டியைச் சரக்கேறியதாகக் கொண்டு பின்பிரேக்குக்கு மிகை அழுத்தம் தருகிறது. அதனைச் சரிசெய்யாமல் வண்டியை ஓட்டலாகாது.

ஸ்பிரிங் பட்டையைச் சூடாக்கி வளைப்பதும் தகாது. 1973இல் நிறுவப்பட்டு, ஹைதராபாத்தின் காஞ்சன்பாக்கில் இயங்கும் மிஸ்ர தாது நிகம் போன்ற உலோக ஆலைகள், எஃகுக்கு வலிமை தரும் வெப்பப் பதப்படுத்தலை அளந்து செய்கின்றன. பட்டறைத் தீச்சுடரோ பட்டையின் பதத்தையே கெடுத்துவிடும்.

தயாரிப்பாளர் குறித்தவற்றுக்குப் பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. கடன் நிலுவையிலுள்ள வண்டி வங்கியின் பிணையும் ஆகும். ஆதலின் மாற்றம் செய்யுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தையும் நமது கிளையையும் கலந்தறியுமாறு வாடிக்கையாளர்களை வேண்டுகிறோம்.