கன்னத்துக்குள் ஒரு சிவப்பு வெளிச்சம்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் இருக்கும் கீழ்பென்னாத்தூர், நெல்லும் மல்லாட்டையும் விளைகிற ஊர். வேலைக்கு நடுவே வெற்றிலையோடு புகையிலையையும் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் இதுபோன்ற ஊர்களில் இன்னும் விட்டுப்போகவில்லை. 2022-ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அந்த ஓராண்டில் மட்டும் புதிதாக வாய்ப்புற்று வந்தவர்கள் ஏறத்தாழ 1,43,000 பேர். வெளிச்சம் பட்டால் மட்டும் வேலை செய்கிற புற்றுநோய் மருந்துகள் என்றதும் பெருநகர மருத்துவமனைகளின் விலையுயர்ந்த லேசர் கருவிகள்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், சிகிச்சைக்காக வேலூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறுகிறவர்களுக்குத்தான் இந்த வைத்தியம் முதலில் வந்து சேர வேண்டும் என்பது என் கட்சி.

இந்த யோசனை நமக்குப் புதிதல்ல. வெண்படைக்குக் கார்போகரிசியைக் கொடுத்து வெயிலில் நிற்கச் சொல்வது நாட்டு வைத்தியத்தில் வெகுகாலமாக இருக்கும் முறை. அந்த விதையில் இருக்கும் சோராலென் என்ற பொருள் புற ஊதாக் கதிர் பட்டதும் வேலை செய்கிறது. அதே குடும்பத்து மருந்தொன்று 1980-களிலேயே தோலில் பரவும் ஒருவகை ரத்தப் புற்றுக்கு அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. இன்றைய ஒளி மருத்துவத்தின் வேர் இன்னொரு பக்கத்தில் இருக்கிறது. 1900-இல் மியூனிக்கில் ஆஸ்கார் ராப் என்ற மாணவர், சாயம் கலந்த நீரில் இருந்த நுண்ணுயிர்கள் வெளிச்சம் பட்டபோது செத்துப்போவதைக் கவனித்தார். சாயம் வெளிச்சத்தை உள்வாங்கி, பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனுக்கு அந்தச் சக்தியைக் கொடுக்கிறது. சீற்றம் கொண்ட அந்த ஆக்சிஜன் கண்ணிமைக்கும் நேரம்கூட உயிர் வாழ்வதில்லை. அது பிறந்த செல்லைத் தாண்டிப் போவதற்குள் அடங்கிவிடுகிறது. அதனால்தான் மருந்தும் வெளிச்சமும் சேர்ந்த இடம் மட்டும் அழிகிறது, சுற்றியுள்ள சதை பெரும்பாலும் தப்புகிறது.

நம் ஊருக்கு ஏற்றது அமினோலெவுலினிக் அமிலம் என்ற மருந்து. இதைக் குடித்த சில மணி நேரத்தில் புற்றுச் செல்கள் இதைப் போர்ஃபிரின் என்னும் பொருளாக மாற்றிச் சேர்த்துவைத்துக்கொள்கின்றன. ஊதா கலந்த நீல வெளிச்சத்தை வாய்க்குள் அடித்தால், கெட்டுப்போன இடம் மட்டும் சிவப்பாக ஒளிர்ந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். அதே இடத்தில் சிவப்பு வெளிச்சத்தைப் போதிய நேரம் செலுத்தினால் அந்தச் செல்கள் மடியும். கண்டுபிடிப்பதற்கும் கொல்வதற்கும் ஒரே மருந்து போதும். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழக மருத்துவர்களும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஆய்வாளர்களும் சேர்ந்து இதை உத்தரப் பிரதேச நோயாளிகளிடம் சோதித்தார்கள். லேசருக்குப் பதில் பேட்டரியில் ஓடும் எல்.இ.டி. விளக்கு, படம் எடுக்க செல்போன், வாய்க்குள் விளக்கை அசையாமல் பிடிக்க முப்பரிமாண அச்சில் செய்த பிடி, இவ்வளவுதான் கருவி. தொடக்கநிலைக் கட்டியுடன் வந்த முப்பது பேர் அளவிலான அந்த ஆய்வில் பெரும்பாலோருக்குக் கட்டி முழுவதுமாக மறைந்தது. கரண்ட் போனாலும் நிற்காத கருவியின் அருமை கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்குத் தெரியும்.

அறுவை சிகிச்சை கைவசம் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்களிடம் வலுவான ஆதாரம் இருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் அனில் டி'குரூஸ் குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கநிலை வாய்ப்புற்றிலேயே கழுத்து நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்தவர்களில் 80 சதவீதம் பேர் மூன்றாண்டு கடந்து வாழ்ந்தார்கள். நெறிகட்டினால் மட்டும் எடுக்கலாம் என்று விடப்பட்டவர்களில் அது 67.5 சதவீதம்தான். சிவப்பு வெளிச்சம் சதைக்குள் சில மில்லிமீட்டரே இறங்கும், கழுத்தை எட்டாது. ஆகவே ஆழமாக இறங்கிய கட்டிக்குக் கத்திதான் வழி, அதில் எனக்கு மறுபேச்சில்லை. நான் வாதாடுவது மேலோட்டமான கட்டிக்காகவும், புற்றாக மாறக்கூடிய வெள்ளை, சிவப்புத் திட்டுகளுக்காகவும். பாக்கு மென்று வாய் இறுகிப்போனவரின் கன்னத்தை வெட்டித் தைத்தால் வாய் இன்னும் திறக்காமல் போகலாம். ஒளி மருத்துவத்தில் தழும்பு குறைவு, தேவைப்பட்டால் திரும்பவும் செய்யலாம். நம் வெயிலில் இது நடக்குமா என்பது இன்னொரு கேள்வி. பழைய போட்டோஃப்ரின் மருந்தை ஏற்றிக்கொண்டவர் குறைந்தது ஒரு மாதம் வெயிலில் தலைகாட்டக் கூடாது, கழனிவேலை செய்கிறவரால் அது ஆகாத காரியம். அமினோலெவுலினிக் அமிலத்துக்கு ஓரிரு நாள் வீட்டுக்குள் இருந்தால் போதும்.

முப்பது பேரை வைத்து முடிவெடுக்கலாமா என்பதுதான் என்னை யோசிக்கவைக்கும் ஆட்சேபம். எடுக்கக் கூடாது. அதனால்தான் பெரிய ஆய்வு இங்கேயே நடக்க வேண்டும் என்கிறேன். அதற்கு நோயைத் தொடக்கத்தில் பிடித்தாக வேண்டும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அதனாலேயே புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்றுச் சாவு 34 சதவீதம் குறைந்தது. தமிழக அரசு 2023-இல் நான்கு மாவட்டங்களில் தொடங்கிய புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் நம் பக்கத்து மாவட்டங்களான திருப்பத்தூரும் ராணிப்பேட்டையும் இருந்தன. அப்படிப் பிடிபடும் திட்டுகளுக்கு ஒளி மருத்துவத்தைச் சோதிக்கும் வேலையை, திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரியும் காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனையும் சேர்ந்து எடுத்துச் செய்ய சுகாதாரத் துறை வழிசெய்ய வேண்டும். அதுவரை காத்திருக்காமல், இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டோ வாயில் இருந்தால், இந்த வாரமே அரசு மருத்துவமனைப் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.