டெக்சாஸ் போற பிள்ளைக்கு எதுக்கு இந்த ஊசி? மெனிஞ்சைட்டிஸ் தடுப்பூசி பற்றி ஒரு பேச்சு

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை அங்கங்கே அப்படியே விட்டிருக்கிறோம்.)

ஜூன், ஜூலை வந்துட்டா திண்டுக்கல்ல ரெண்டு விதமான குடும்பங்களைப் பார்க்கலாம். ஒண்ணு, கவுன்சலிங்ல எந்தக் காலேஜ் கிடைக்கும்னு காத்துக்கிட்டு இருக்கிற குடும்பம். இன்னொண்ணு, விசா வந்து, டிக்கெட் போட்டு, எத்தனை கிலோ ஊறுகாய் வெச்சா பெட்டி எடை தாண்டாதுன்னு கணக்குப் போடுற குடும்பம். இன்னைக்குப் பேசப்போறது பெரும்பாலும் ரெண்டாவது குடும்பத்துக்கு. முதல் குடும்பத்துக்கும் கொஞ்சம் இருக்கு, பின்னாடி வரும்.

நாகல்நகர்ல இருந்து ஒரு அம்மா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. "தம்பி, பையனுக்கு டெக்சாஸ்ல எம்.எஸ். சீட் கிடைச்சிருக்கு. மூளைக்காய்ச்சல் ஊசி போட்ட சர்டிபிகேட் வேணும்னு யுனிவர்சிட்டியில கேக்குறாங்க. சின்ன வயசுலயே எல்லா ஊசியும் போட்டாச்சு. அந்த அட்டையைக் காட்டினா போதாதா?"

போதாதும்மா. குழப்பம் அந்த வார்த்தையிலயே இருக்கு. 'மூளைக்காய்ச்சல்'னு நாம ஒரே பேர்ல சொல்றது பல நோய்களை. கொசுவால வர்ற ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஒண்ணு, அது மூளையையே தாக்குற வைரஸ். தமிழ்நாட்டில சில மாவட்டங்கள்ல குழந்தைகளுக்கு அதுக்குத் தடுப்பூசி போடுறாங்க. மெனிஞ்சைட்டிஸ்ங்கிறது மூளையையும் தண்டுவடத்தையும் சுத்தியிருக்கிற சவ்வு வீங்குறது. அதையும் பல கிருமிகள் உண்டாக்கலாம். பிறந்தவுடனே போடுற பி.சி.ஜி. ஊசி, குழந்தைகளுக்குக் காசநோய்க் கிருமியால வர்ற மெனிஞ்சைட்டிஸ்ல இருந்து பாதுகாப்பு தருது. பென்டாவேலன்ட் ஊசியில இருக்கிற ஹிப், இன்னொரு கிருமிக்கு. அது தமிழ்நாட்டு அரசுத் திட்டத்துக்கு வந்ததே 2011 டிசம்பர்லதான். இப்போ காலேஜ் போற பிள்ளைங்க அதுக்கு முன்னாடியே பிறந்தவங்க.

பல்கலைக்கழகம் கேக்கிறது இது எதுவும் இல்ல. மெனிங்கோகாக்கஸ்னு ஒரு பாக்டீரியா இருக்கு, அதுக்கான ஊசி. அதுல ஏ, சி, டபிள்யூ, ஒய்னு நாலு வகைக்கு எதிரா வேலை செய்றதைத்தான் கேக்குறாங்க. நம்ம அரசு இலவச அட்டவணையில இந்த ஊசி இல்ல. அதனால பழைய அட்டையை எத்தனை தடவை புரட்டினாலும் கிடைக்காது.

சரி, டெக்சாஸ் ஏன் இவ்வளவு பிடிவாதமா இருக்கு? அதுக்கு ரெண்டு பிள்ளைங்களோட கதை இருக்கு. 2008ல ஆஸ்டின்ல டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில படிச்சிக்கிட்டு இருந்த ஜேமி ஷான்பாம்ங்கிற பொண்ணுக்கு இந்த நோய் வந்தது. உயிர் பிழைச்சாங்க. ஆனா ரெண்டு காலையும் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாச்சு, விரல்களும் போச்சு. அவங்களும் குடும்பமும் போராடினதுல, 2009ல ஒரு சட்டம் வந்தது: பல்கலைக்கழக விடுதியில தங்குற புது மாணவர்கள் இந்த ஊசியைப் போட்டிருக்கணும்.

கவனிங்க, விடுதியில தங்குறவங்களுக்கு மட்டும். 2011 பிப்ரவரியில, டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக மாணவர் நிக்கோலிஸ் வில்லியம்ஸ் இதே நோயில இறந்துட்டார். அவர் விடுதியில தங்கல, வெளியில வீடு எடுத்து இருந்தார். சட்டம் அவரைத் தொடவே இல்ல. அந்த வருஷமே சட்டத்தைத் திருத்தி, எங்க தங்கினாலும் சரி, வகுப்புக்கு வர்ற எல்லாருக்கும் கட்டாயம்னு ஆக்கினாங்க. 2012 ஜனவரியில நடைமுறைக்கு வந்தது. ரெண்டு பேர் பேரும் சட்டத்தோட பேர்லயே இருக்கு. நம்ம பசங்க நாலு பேர் சேர்ந்து அபார்ட்மென்ட் எடுத்துத்தான் தங்குறாங்க, 'நான் ஹாஸ்டல் இல்லையே'ன்னு சொல்லித் தப்பிக்க முடியாது.

முதல்ல 30 வயசுக்கு உட்பட்டவங்கன்னு இருந்தது, பிறகு 22 வயசுக்குக் கீழேன்னு குறைச்சாங்க. பி.இ. முடிச்சு நேரா போற பையனுக்கு 21 இருக்கும், அதனால பல பேர் இதுக்குள்ள வந்துடுவாங்க. ஊசி கடந்த 5 வருஷத்துக்குள்ள போட்டிருக்கணும், செமஸ்டர் முதல் நாளுக்குக் குறைஞ்சது 10 நாள் முன்னாடி போட்டிருக்கணும். இந்த 10 நாள் சும்மா வெச்ச கணக்கு இல்ல. ஊசி போட்ட பிறகு உடம்புல எதிர்ப்புச் சக்தி உருவாக ஏறக்குறைய அவ்வளவு நாள் ஆகும். அதனால ஃபிளைட் ஏறுறதுக்கு முந்தின நாள் ஊசி போட்டுட்டு, போய் இறங்கின வாரமே பார்ட்டிக்குப் போனா பிரயோஜனம் கம்மி.

காலேஜ் பிள்ளைங்களுக்கு மட்டும் ஏன்னு கேக்கலாம். இந்தக் கிருமி நிறைய பேர் தொண்டையில சும்மா குடியிருக்கும், ஒண்ணும் பண்ணாது. பத்துப் பேர்ல ஒருத்தர் கிட்ட இருக்கலாம்னு சொல்றாங்க. இளவயசுல அது கூடும். 1997ல இங்கிலாந்தில நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில முதலாண்டு மாணவர்களோட தொண்டையில சாம்பிள் எடுத்துப் பார்த்தாங்க. முதல் நாள் 100ல கிட்டத்தட்ட 7 பேர் கிட்ட கிருமி இருந்தது. நாலாம் நாள் அது 23 ஆயிருச்சு. நாலே நாள்! வேற வேற ஊர்ல இருந்து வந்த பிள்ளைங்க ஒரே அறை, ஒரே கூட்டம், ஒரே பாட்டில், முத்தம், சிகரெட்னு எச்சில் கலந்தா கிருமி இடம் மாறிடும். மாறினவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. எப்பவாவது ஒருத்தருக்கு அது ரத்தத்துக்குள்ள இறங்கிடும். அப்போ விஷயம் நாள் கணக்கு இல்ல, மணிக்கணக்கு. நல்ல சிகிச்சை கிடைச்சும் 100ல 10லேர்ந்து 15 பேர் வரைக்கும் இறந்துடுறாங்க.

கூட்டமா கூடுற இடத்துல இது பரவும்ங்கிறதை உலகம் கல்லூரிக்கு முன்னாடியே மெக்காவுல பார்த்துடுச்சு. 1987 ஹஜ்ல ஏ வகை பரவினது, 2000ல டபிள்யூ வகை பரவி யாத்திரிகர்களோட பல நாடுகளுக்குப் போச்சு. அதனாலதான் ஹஜ் போறவங்களுக்கு நாலு வகை ஊசி கட்டாயம். பேகம்பூர்ல ஹஜ் போய் வந்த பெரியவங்க யாரையாவது கேட்டுப் பாருங்க, டெக்சாஸ் கேக்கிற அதே ஊசியைத்தான் அவங்க போட்டுட்டுப் போயிருப்பாங்க.

லண்டன் பக்கம் போறவங்களுக்கு ஒரு சௌகரியம். பிரிட்டன்ல டபிள்யூ வகை கூடிக்கிட்டே போனதால 2015 ஆகஸ்ட்ல இருந்து பதின்வயசுப் பிள்ளைங்களுக்கும் புதுசா பல்கலைக்கழகம் சேர்றவங்களுக்கும் இந்த ஊசியை இலவசமா குடுக்க ஆரம்பிச்சாங்க. தவறவிட்டவங்க 25 வயசு முடியறதுக்குள்ள வாங்கிக்கலாம், வெளிநாட்டு மாணவர்களுக்கும் உண்டு. ஆனா போய் இறங்கி, டாக்டர்கிட்ட பதிவு பண்ணி, ஊசி போடுறதுக்குள்ள முதல் ரெண்டு வாரம் ஓடிடும். அந்த ரெண்டு வாரம்தான் ஆபத்தான காலம். காசு இருந்தா இங்கயே போட்டுக்கங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

நம்ம ஊர்ல எங்க போடுறது? குழந்தைகள் நல மருத்துவரைக் கேளுங்க. 21 வயசுப் பையனைக் குழந்தை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறதுக்குக் கூச்சப்படாதீங்க, தடுப்பூசி விவரம் அவங்களுக்குத்தான் அத்துப்படி. கையிருப்பு இல்லைன்னா சொல்லி வெச்சு வரவழைப்பாங்க, இல்லாட்டி மதுரை. விலை சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஒரே ஒரு டோஸ். நீங்களே மருந்துக்கடையில வாங்கி, திண்டுக்கல் வெயில்ல பைக் பெட்டியில வெச்சு எடுத்துட்டுப் போகாதீங்க. 2லேர்ந்து 8 டிகிரி குளிர்லயே இருக்க வேண்டிய மருந்து அது. போட்ட பிறகு கை வலி, தலைவலி, லேசான காய்ச்சல்னு ஒண்ணு ரெண்டு நாள் இருக்கலாம்.

சர்டிபிகேட்ல பேர் பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே இருக்கணும். ஊசியோட பேரையும் நாலு வகையையும், பேட்ச் எண்ணோட எழுதி வாங்குங்க. தேதியில மாசத்தை எழுத்துல போடச் சொல்லுங்க. நாம 7-8ன்னு எழுதினா ஆகஸ்ட் 7, அமெரிக்காக்காரங்களுக்கு அது ஜூலை 8. பத்து நாள் கணக்குப் பார்க்கிற இடத்துல இது சின்ன விஷயம் இல்ல. சில பல்கலைக்கழகங்கள் அவங்க ஃபாரத்துலயே டாக்டர் கையெழுத்துக் கேப்பாங்க, அதை முன்னாடியே டவுன்லோடு பண்ணிக் கையோட கொண்டுபோங்க.

இப்போ முதல் குடும்பம். கோயம்புத்தூர், சென்னைன்னு ஹாஸ்டல் போற பிள்ளைக்கு வேணுமா? இந்தியாவில இந்த நோய் இல்லாம இல்ல. டெல்லியில 1966, 1985, பிறகு 2005ல பரவியிருக்கு. மேகாலயா, திரிபுராவில 2008-09ல பரவியிருக்கு. ஆனாலும் எல்லா ஹாஸ்டல் பிள்ளைக்கும் போடுங்கன்னு நம்ம அரசு சொல்லல, நானும் பயமுறுத்தி அந்தச் செலவை இழுத்து விட மாட்டேன். மண்ணீரல் எடுத்தவங்க, எதிர்ப்புச் சக்தியில பிறவிக் குறை இருக்கிறவங்க மட்டும் கட்டாயம் டாக்டர்கிட்ட பேசணும். அவங்களுக்கு ஒரு டோஸோட முடியாது.

ஊசி போட்டவங்களுக்கும் ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கணும். பி வகைக்கு இந்த ஊசி வேலை செய்யாது. அமெரிக்காவில அதுக்குத் தனி ஊசி உண்டு, போய்ச் சேர்ந்ததும் பல்கலைக்கழக ஹெல்த் சென்டர்ல கேக்கலாம். அதனால அறிகுறிகளை ரூம்ல இருக்கிற எல்லாரும் தெரிஞ்சு வெச்சுக்கங்க: காய்ச்சலோட கடுமையான தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, வெளிச்சம் கூசுறது, பேச்சு குழம்புறது, காய்ச்சல் இருந்தும் கை கால் சில்லுனு இருக்கிறது. தோல்ல சிவப்பு, ஊதாப் புள்ளி வந்தா கண்ணாடி டம்ளரை அழுத்திப் பாருங்க. அழுத்தியும் மறையலைன்னா ஆபத்து. நம்ம நிறத்துல புள்ளி சட்டுனு தெரியாது, உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமை உள்பக்கம், மேலண்ணத்துல பாருங்க. புள்ளி வரட்டும்னு காத்திருக்கவும் வேண்டாம்.

டெங்குவைப் பார்த்துப் பழகின ஊர் நம்மது. 'ரெண்டு நாள் பார்ப்போம், பிறகு பிளேட்லெட் டெஸ்ட்'ங்கிற பழக்கம் இந்த நோய்க்குச் சரிப்படாது. அமெரிக்காவில இருக்கிற பசங்க பில்லுக்குப் பயந்து எமர்ஜென்சிக்குப் போகாம பாராசிட்டமால் போட்டுத் தூங்குறது இன்னும் மோசம். இன்சூரன்ஸ் என்ன கவர் பண்ணும்னு முதல் வாரமே பார்த்து வெச்சுக்கங்க. அங்க 911, பிரிட்டன்ல 999, இங்க 108. ரூம்மேட்டுக்கு இந்த நோய்னு உறுதியானா, கூடத் தங்கினவங்களுக்கும் ஆன்டிபயாடிக் குடுப்பாங்க. ஊசி போட்டிருந்தாலும் அதை வாங்கிச் சாப்பிடணும்.

இன்னொருத்தர் கேட்டிருந்தார்: ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் போதுமா? இல்ல. பாதுகாப்பு சில வருஷத்துல குறையும், அதனாலதான் அந்த 5 வருஷக் கணக்கு. சர்டிபிகேட்டை ஸ்கேன் பண்ணி மெயில்ல ஒரு காப்பி, வீட்ல அம்மா கையில ஒரு காப்பி வெச்சிருங்க. வேற பல்கலைக்கழகம் மாறினா திரும்பக் கேப்பாங்க.