காதுக்குள்ள 'ங்ங்ங்'... கண்ணுல தூக்கம் போச்சா?

ராத்திரி ஒரு மணி. ஹாஸ்டல் ரூம்ல எல்லாரும் குறட்டை. திடீர்னு கரன்ட் கட்! ஃபேன் நின்ன அடுத்த செகண்டே உங்க காதுக்குள்ள 'ங்ங்ங்...'னு ஒரு சத்தம். பக்கத்து பெட் நண்பனை எழுப்பி, 'உனக்குக் கேக்குதா?'ன்னு கேட்டா, 'பேசாம தூங்குடா'ன்னு திட்டுதான் மிச்சம்.

இது உங்க கதையா? பயப்படாதீங்க பாஸ். இதுக்குப் பேரு டின்னிடஸ். தமிழ்ல, காது இரைச்சல்.

எங்கேருந்து வருது?

நத்தைக்கூடு மாதிரி சுருண்டிருக்கிற உள்காதுக்குள்ள, ஒரு காதுக்கு சுமார் 15,000 நுண்ணிய முடி செல்கள் இருக்கு. சத்தத்தை சிக்னலா மாத்தி மூளைக்கு அனுப்புறது இதுங்க வேலை. கல்ச்சுரல்ஸ்ல ஸ்பீக்கர் பக்கத்துலயே ஆட்டம், பஸ்ல இயர்போன்ல ஃபுல் வால்யூம்னு தாக்கினா, இந்த செல்கள் செத்துப்போகும். தலைமுடி மாதிரி திரும்ப முளைக்காது. சிக்னல் குறைஞ்சா, ஸ்டேஷன் சரியா எடுக்காத ரேடியோவுக்கு நாம வால்யூம் கூட்டுற மாதிரி மூளையும் கூட்டுது. அந்த இரைச்சல்தான் இதுன்னு ஆராய்ச்சியாளர்கள் பலரும் சொல்றாங்க. சிலருக்குக் காது அழுக்கு அடைச்சிருந்தாலே இப்படிக் கேக்கும்.

'போன மாசத்தைவிட இப்ப ஜாஸ்தியாயிடுச்சே?'

தூக்கம் குறைஞ்சா டென்ஷன் கூடும். டென்ஷன் கூடினா கவனம் முழுக்க அந்தச் சத்தத்து மேலேயே போகும். சத்தம் பெருசா தெரிஞ்சா, திரும்பவும் தூக்கம் போச்சு! இந்தச் சுத்தலை வெட்ட வேண்டிய இடம், தூக்கம்தான்.

நிறைய பேர் செய்ற தப்பு, கதவு ஜன்னலைச் சாத்தி, காதுல பஞ்சு வெச்சுப் படுக்கிறது. 1953ல ஹெல்லர், பெர்க்மேன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், காது நல்லா கேக்குற 80 பேரை சத்தமே புகாத அறையில உட்கார வெச்சாங்க. அதுல 94 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு சத்தம் கேட்டுச்சு! ஆக, முழு நிசப்தம் நமக்கு ஃப்ரெண்ட் இல்ல.

இன்னிக்கு ராத்திரியே ட்ரை பண்ணுங்க

* ஃபேன் ஓடட்டும். இல்லேன்னா செல்போன் ஸ்பீக்கர்ல மழைச் சத்தத்தை மெதுவா வைங்க. இரைச்சலை அமுக்கணும்னு இல்ல, துணைக்கு இருந்தா போதும். இயர்போன் வேண்டாம்.

* எப்ப படுத்தாலும், எழுந்திரிக்கிற நேரம் ஒண்ணா இருக்கட்டும். ஞாயித்துக்கிழமையும்தான்! உங்க வயசுக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் தேவை.

* இருபது நிமிஷம் ஆகியும் தூக்கம் வரலையா? புரளாதீங்க. எழுந்து, மங்கலான வெளிச்சத்துல எதையாவது படிங்க. கண்ணு சொக்கினதும் திரும்பப் படுங்க. மணி பார்க்கவே கூடாது.

* சாயங்காலத்துக்கு மேல டீ, காபிக்கு நோ.

* காதுல சுடவெச்ச எண்ணெய், பட்ஸ், ஹேர்பின் எதுவும் போகக் கூடாது.

* 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்கலாம். 90 டெசிபல்னா வெறும் 4 மணி நேரம்தான். சொல்றது உலக சுகாதார நிறுவனம். கச்சேரி, கல்ச்சுரல்ஸ் போனா இயர்ப்ளக் போட்டுக்கோங்க.

டாக்டரை எப்ப பார்க்கணும்?

ஒரு வாரத்துக்கு மேல நீடிச்சாலே காது, மூக்கு, தொண்டை டாக்டரைப் பாருங்க. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலயே இதுக்குத் தனிப் பிரிவு உண்டு. ஒரு காதுல மட்டும் கேக்குது, நாடித்துடிப்பு மாதிரி 'டக் டக்'னு அடிக்குது, தலை சுத்துதுன்னா தள்ளிப்போடாதீங்க. திடீர்னு காது கேக்காமப் போனா அன்னிக்கே ஓடுங்க. நாள் கடத்தினா போனது திரும்பக் கிடைக்காமப் போகலாம்.

சத்தத்தைச் சுத்தமா நிறுத்துற மாத்திரைன்னு எதுவும் இதுவரைக்கும் இல்ல. இருக்குன்னு விக்கிறவங்களை நம்பாதீங்க. ஆனா, சத்தத்தைப் பத்தின பயத்தை மாத்துற சி.பி.டி.ங்கிற மனநல சிகிச்சை நல்லாவே கைகொடுக்குது. மனசு ரொம்ப உடைஞ்சா வீட்ல, நண்பர்கள்கிட்ட வாய்விட்டுச் சொல்லுங்க.

ரயில்வே லைன் ஓரம் குடியிருக்கிறவங்க ரயில் சத்தத்துல தூங்குறதில்லையா? மூளை பழகிக்கும். கொஞ்சம் டைம் கொடுங்க... குட்நைட்!