குண்டில் பூச்சாடி, விமானத்தில் கரண்டி... 'ட்ரெஞ்ச் ஆர்ட்' வாங்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

வியட்நாம், லாவோஸ் பக்கம் டூர் போய்வந்த நண்பர்களின் இன்ஸ்டா ஸ்டோரியில் பார்த்திருப்பீர்கள். தோட்டாவில் செய்த கீ-செயின், குண்டை உருக்கி வார்த்த கரண்டி. 'அட, சூப்பரா இருக்கே... நாமும் ஒண்ணு வாங்கலாமா?' என்று தோன்றும்.

இந்த வகைப் பொருட்களுக்கு 'ட்ரெஞ்ச் ஆர்ட்' என்று பெயர். 100 ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் முழுக்க இதைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். லண்டனில் உள்ள இம்பீரியல் வார் மியூசியம் போன்ற பெரிய அருங்காட்சியகங்களிலும் இவை இருக்கின்றன. இதைச் செய்தது யார், எது அசல், வாங்குவது பாதுகாப்பானதா? பார்ப்போம்.

ட்ரெஞ்ச் ஆர்ட்னா என்ன?

சிம்பிளாகச் சொன்னால், போரின் மிச்சங்களில் செய்த கைவினைப் பொருள். வழக்கம் பழசுதான் என்றாலும் முதல் உலகப் போரில்தான் (1914-1918) இது பெரிய அளவில் பரவியது. காரணம், கையில் கிடைத்த உலோகத்தின் அளவு. 1916இல் சோம் போருக்கு முன்பு, ஒரே வாரத்தில் பிரிட்டிஷ் பீரங்கிகள் சுமார் 15 லட்சம் குண்டுகளைச் சுட்டன. பெரும்பாலும், சுட்டதும் பீரங்கிக்குப் பின்னால் ஒரு காலி பித்தளை உறை விழும்.

அந்த உறைகளை ராணுவம் சும்மா விடவில்லை. திரும்பவும் நிரப்பிப் பயன்படுத்தலாம் என்பதால் சேகரித்துத் தொழிற்சாலைக்கு அனுப்பியது. ஆக, ஒரு உறையை எடுத்துப் பூச்சாடி செய்த சிப்பாய், கணக்குப்படி பார்த்தால் அரசாங்கச் சொத்தைத்தான் சுட்டிருக்கிறார்!

பித்தளை உறை பூச்சாடியானது. குண்டைச் சுற்றியிருக்கும் செம்புப் பட்டை, கடிதம் பிரிக்கும் கத்தியானது. ஜெர்மன் குண்டுகளின் அலுமினிய ஃபியூஸை உருக்கி பிரெஞ்சு சிப்பாய்கள் மோதிரம் செய்தார்கள். தோட்டாக்களை இணைத்துச் சிலுவையும், லைட்டரும் செய்தார்கள்.

பதுங்குகுழியில் உட்கார்ந்தா செய்தார்கள்?

பெயர்தான் அப்படி. குண்டு மழைக்கு நடுவே, எதிரி காதில் விழும்படி யாராவது பித்தளையைத் தட்டிக்கொண்டு இருப்பார்களா? மோதிரம் மாதிரி சின்னச் சின்ன வேலைகள் நடந்திருக்கலாம். பெரிய வேலைகளெல்லாம் முன்னணிக்குப் பின்னால், பட்டறையும் கருவியும் இருந்த இடங்களில் நடந்தவை.

செய்தவர்களும் சிப்பாய்கள் மட்டும் இல்லை. போர்க் கைதிகள் செய்தார்கள். பிரிட்டனும் பிரான்சும் கூலிவேலைக்குக் கூட்டிவந்த, ஒரு லட்சத்துக்கும் அதிகமான சீனத் தொழிலாளர்களில் சிலர் உறைகளில் டிராகன் செதுக்கினார்கள். போர் முடிந்து ஊர் திரும்பிய பெல்ஜியம், பிரான்ஸ் மக்களுக்கு வீடும் இல்லை, வயலும் இல்லை. நிலம் முழுக்க உலோகம்தான். மகனும் கணவனும் இறந்த இடத்தைப் பார்க்க வந்த குடும்பங்களுக்கு, அதே உலோகத்தில் பொருள் செய்து விற்றுப் பிழைத்தார்கள்.

பிரிட்டிஷ் மானுடவியலாளர் நிக்கோலஸ் சாண்டர்ஸ், ட்ரெஞ்ச் ஆர்ட்டை ஆய்வுப் பொருளாக்கியவர்களில் முக்கியமானவர். யார், எந்த நிலையில் செய்தார்கள் என்பதை வைத்துத்தான் அவர் இவற்றைப் பிரிக்கிறார். துக்க வீடுகளில் அந்தப் பித்தளை ஜாடியைத் தினமும் துடைத்து வைப்பதே ஒரு நினைவுச் சடங்காக இருந்தது என்றும் எழுதியிருக்கிறார்.

விமானம் எங்கே வருது?

முதல் உலகப் போர் விமானங்களின் புரொப்பல்லர் மரத்தில் ஆனது. அதன் நடுப்பகுதியை வெட்டிக் கடிகாரம் பதித்தார்கள். 1916 செப்டம்பரில் லண்டனுக்கு வடக்கே ஒரு ஜெர்மன் வான்கப்பல் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன் கம்பித் துண்டுகளை பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கம் நினைவுப் பொருளாக விற்று, காயம்பட்ட வீரர்களுக்கு நிதி திரட்டியது. 'சிவப்பு பாரன்' என்று பெயர் வாங்கிய ஜெர்மன் விமானி ரிக்டோஃபென் 1918 ஏப்ரல் 21 அன்று வீழ்ந்தபோது, அவருடைய விமானத்தை நினைவுப் பொருள் வேட்டைக்காரர்கள் துண்டு துண்டாகப் பிய்த்து எடுத்துவிட்டார்கள்.

இரண்டாம் உலகப் போரில் விமானம் அலுமினியத்துக்கு மாறியது. பசிபிக் தீவுகளில் விழுந்த ஜப்பானிய விமானங்களின் தகட்டில் அமெரிக்க வீரர்கள் கைக்காப்பு செய்தார்கள். விமானக் கண்ணாடியாக இருந்த பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக், காதலிக்கு அனுப்பும் ப்ரூச் ஆனது. வியட்நாம் போரில் வீழ்த்தப்பட்ட அமெரிக்க விமானங்களின் அலுமினியத்தில் வியட்நாம் வீரர்கள் சீப்பு செய்தார்கள்.

எது அசல்? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பூச்சாடியைத் தலைகீழாகத் திருப்புங்கள். சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது அடிப்பாகத்தைத்தான். தயாரித்த இடம், ஆண்டு போன்ற முத்திரைகள் பல உறைகளில் அங்கே இருக்கும். பக்கவாட்டில் '1915' என்று செதுக்கியிருக்கிறது. அடியில் 1917 என்று இருக்கிறது என்றால், அதை 1915இல் செய்திருக்க வாய்ப்பே இல்லை.

அதற்காக உடனே 'போலி' என்று தூக்கிப் போட வேண்டாம். போர் முடிந்தபிறகு, அந்த ஆண்டில் நடந்த சண்டையின் நினைவாக யாரோ ஒரு பெல்ஜியத் தொழிலாளி செதுக்கியதாக இருக்கலாம். அதுவும் ட்ரெஞ்ச் ஆர்ட்தான். கதைதான் வேறு. 'சிப்பாய் கையால் செய்தது' என்று சொல்லி அதை விற்பதுதான் ஏமாற்று. வியட்நாமில் 'அமெரிக்க வீரர் விட்டுப்போனது' என்று விற்கப்படும், வாசகம் செதுக்கிய ஸிப்போ லைட்டர்களிலும் இதே கதைதான். ஏராளமானவை பின்னாளில் செய்த போலிகள்.

இன்னொன்று, பிராஸ்ஸோ போட்டுப் பளபளவென்று தேய்க்காதீர்கள். தேய்க்கத் தேய்க்கச் செதுக்கு வேலை மழுங்கும். காலத்தால் ஏறிய நிறமும் போய்விடும்.

லாவோஸ் கரண்டியின் கதை என்ன?

1964 முதல் 1973 வரை லாவோஸ் மீது அமெரிக்கா 20 லட்சம் டன்னுக்கும் அதிகமான குண்டுகளை வீசியது. அதில் சுமார் 27 கோடி, கொத்துக் குண்டுகளுக்குள் இருந்த சின்னக் குண்டுகள். அவற்றில் 30% வரை வெடிக்காமல் மண்ணிலேயே தங்கிவிட்டதாக மதிப்பிடுகிறார்கள். 1964இல் இருந்து கணக்கெடுத்தால் 50,000க்கும் அதிகமானோர் பலியானார்கள் அல்லது படுகாயமடைந்தார்கள். இதில் சுமார் 20,000 பேர் போர் முடிந்த பிறகு சிக்கியவர்கள்.

அந்த நாட்டின் சியங் குவாங் மாகாணத்தில் பான் நாபியா என்று ஒரு கிராமம். குண்டு, விமான மிச்சங்களின் அலுமினியத்தை விறகு அடுப்பில் உருக்கி, மரமும் சாம்பலும் சேர்ந்த அச்சில் ஊற்றிக் கரண்டி வார்க்கிறார்கள். ஆரம்பத்தில் இது கலைப்பொருள் இல்லை, உள்ளூர் சாப்பாட்டுக் கடைகளுக்கான கரண்டி. இன்றைக்குச் சுற்றுலாப் பயணிகள் வாங்கும் வளையல்களும் இதில் வருகின்றன. கிராமத்துக்கு இது வருமானம்.

ஆனால், உலோகத்துக்கு விலை கிடைக்கும் வரை அதைத் தேடி மண்ணைத் தோண்டுபவர்களும் இருப்பார்கள். லாவோஸில் குண்டு வெடித்து உயிரை விட்டவர்களில் காயலான் கடையில் போட இரும்பு பொறுக்கப் போனவர்களும் உண்டு. அதனால் இங்கே 'எப்போது செய்தது?' என்பதைவிட, 'இந்த உலோகம் எப்படி வந்தது, குண்டு அகற்றும் குழு சோதித்ததா?' என்று கேட்பதுதான் முக்கியம்.

நாம வாங்கலாமா?

சுட்டுத் தீர்ந்த காலி உறை வெடிக்காது. ப்ரைமரோ, ஃபியூஸோ, மருந்தோ மிச்சமிருந்தால் அது வெடிபொருள்தான், 100 வயதானாலும். பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் 2014 மார்ச்சில், முதல் உலகப் போர்க் குண்டு ஒன்று வெடித்துக் கட்டுமானத் தொழிலாளர்கள் இருவர் இறந்தார்கள். போர்க்களத்தில் நீங்களாக எதையும் பொறுக்க வேண்டாம்.

அடுத்தது சட்டம். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், 'வெடிமருந்து' என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களையும் சேர்க்கிறது. பயன்படுத்தும் நோக்கமில்லாத சிறு பாகங்களுக்கு விலக்கும் இருக்கிறது. ஆனால், ஏர்போர்ட் ஸ்கேனரில் தோட்டா வடிவம் தெரிந்தபிறகு அந்த விலக்கை விளக்கிக்கொண்டு நின்றால் ஃப்ளைட் காத்திருக்காது. கீ-செயினைவிடக் கரண்டி எவ்வளவோ மேல்.

கடைசியாக, விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இதைச் செய்தது யார்?' பதில் கிடைத்தால், விலையோடு சேர்த்து அதையும் ஒரு சீட்டில் எழுதி, பொருளோடு வையுங்கள். பெரும்பாலான ட்ரெஞ்ச் ஆர்ட்டில் செய்தவர் பெயர் இல்லை. எழுதி வைக்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.