வாயைத் திறந்தா ‘டக்’னு சத்தமா? பல்லைப் பிடுங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

பூட்டுக்குப் பேர் போன ஊர் திண்டுக்கல். அந்தப் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு. ஆனா காலையில் எழுந்து பல் துலக்கப் போகும்போது நம்ம வாயே பூட்டிக்கிட்டா?

காது வலிக்குதுன்னு காது டாக்டரைப் பார்ப்போம். இல்லைன்னா கடைவாய்ப் பல்லைக் காட்டி, ‘பிடுங்கி விட்ருங்க’ என்போம். பார்த்தால் காதிலும் ஒன்றும் இருக்காது, பல்லும் நல்லாவே இருக்கும். கோளாறு, இரண்டுக்கும் நடுவே இருக்கும் தாடை மூட்டில்.

எங்கே இருக்கு இந்த மூட்டு?

ஆள்காட்டி விரலைக் காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னால் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடிப் பாருங்க. விரலுக்கு அடியில் ஒன்று உருண்டு நகருதா? அதுதான். ‘தவடையில ஒண்ணு விட்டேன்னா’ என்று ஊர்ப்பக்கம் மிரட்டுவாங்களே, அந்தத் தவடை எலும்பு மண்டையோட்டோடு சேரும் இடம்.

மற்ற மூட்டுகளில் இருந்து இது கொஞ்சம் வித்தியாசம். கதவுக் கீல் மாதிரி சுழலவும் செய்யும், முன்னால் வழுக்கி நகரவும் செய்யும். ஒரே எலும்பின் இரண்டு முனையில் இரண்டு மூட்டு என்பதால் இடதும் வலதும் சேர்ந்தே வேலை செய்யணும். எலும்புகள் உரசாமல் இருக்க நடுவில் மெத்தை மாதிரி ஒரு தட்டு உண்டு. அந்தத் தட்டு இடம் விலகி, வாய் திறக்கும்போது மறுபடி உள்ளே வந்து உட்காருவதுதான் பெரும்பாலும் ‘டக்’ சத்தம்.

வலி இல்லாமல் சத்தம் மட்டும் வருதா? சிகிச்சையே தேவையில்லை. இதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. சத்தத்துக்குப் பயந்தே பலர் தேவையில்லாத செலவுக்குள் போகிறார்கள்.

காது மூட்டுக்குப் பின்னாலேயே இருப்பதால் மூட்டு வலியைக் காது வலி என்றே நினைக்கத் தோன்றும். 1934-ல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்க காது மூக்கு தொண்டை டாக்டர், காது வலி, காது அடைப்பு என்று வந்தவர்களின் தொந்தரவைத் தாடை மூட்டோடு தொடர்புபடுத்தி எழுதினார். பல் விழுந்து தாடை அமுங்குவதுதான் காரணம் என்று அவர் சொன்னது பிறகு நிற்கவில்லை. பல் வரிசையைச் சரி செய்தால் மூட்டு சரியாகிடும் என்ற எண்ணம் மட்டும் இன்னும் போகலை.

ஏன் வருது?

ஒரே காரணம் என்று கிடையாது. பெண்களுக்கு, அதிலும் 20 முதல் 40 வயதுக்குள் அதிகம். பலருக்கு மூட்டைவிட அதைச் சுற்றியுள்ள தசைதான் வலிக்கும். தூக்கத்தில் பல் கடிப்பது, டென்ஷனில் பல்லை இறுக்குவது, அடிபடுவது, மூட்டுவாதம் எல்லாம் பட்டியலில் உண்டு.

இப்போ இதைப் படிக்கும்போது உங்க மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டிக்கிட்டு இருக்கா? சும்மா இருக்கும்போது ஒட்டக் கூடாது. உதடு மூடியிருக்கலாம், பற்களுக்கு நடுவே சின்ன இடைவெளி இருக்கணும். இது பழகிட்டாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

குழந்தை தூக்கத்தில் பல்லைக் கடித்தால் ‘வயித்துல பூச்சி’ என்று பாட்டிமார் சொல்வாங்க. பூச்சி மருந்து கொடுத்தால் நின்னுடும்னு நம்ப வேண்டாம். சின்ன வயசில் இது சகஜம். வளர வளர பெரும்பாலும் தானா குறையும்.

சிகிச்சை: ஆபரேஷன் வரை போகணுமா?

பெரும்பாலானவங்களுக்குத் தேவையே இல்லை. இட்லி, குழைவான சோறு, கனிஞ்ச சிறுமலைப் பழம் என்று கொஞ்ச நாளைக்கு மெத்துன்னு சாப்பிடுங்க. சூயிங்கம், சீடை, கரும்பு, நல்லி எலும்பு எல்லாம் கொஞ்ச நாள் தள்ளி நிற்கட்டும் (பிரியாணி ஊர்க்காரங்களுக்குக் கஷ்டம்தான்). வலிக்கும் இடத்தில் வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்கலாம். கொட்டாவி வந்தால் முகவாய்க்கு அடியில் கையை முட்டுக் கொடுங்க.

நாள்பட்ட வலிக்கு 2023-ல் பிஎம்ஜே மருத்துவ இதழில் சர்வதேச நிபுணர் குழு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அது உறுதியாகப் பரிந்துரைத்தவை எல்லாமே எளிய விஷயங்கள்: பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் தாடைப் பயிற்சி, உட்காரும் நிற்கும் நிலையைச் சரி செய்யும் பயிற்சி, தசையை அழுத்தி நீவி விடுவது, வலியைக் கையாளப் பழக்கும் உளவியல் சிகிச்சை. கடைசியில் சொன்னதைக் கேட்டு ‘அப்போ எனக்கு மனசுலதான் வியாதியா?’ என்று கோபப்பட வேண்டாம். வலி நிஜம். டென்ஷன் ஏறினால் தசை இறுகுவதும் நிஜம். போடாக்ஸ், மூட்டுக்குள் ஊசி போன்றவற்றை அந்தக் குழு முன்னிறுத்தவில்லை. இரவில் மாட்டும் சாதாரண பல் உறையையும் அப்படியே. பல் அமைப்பையே நிரந்தரமாக மாற்றிவிடும் வகை உறைகளும், மூட்டுத் தட்டை எடுத்துவிடும் ஆபரேஷனும் வேண்டவே வேண்டாம் என்றது.

இந்த எச்சரிக்கைக்குப் பின்னால் ஒரு கசப்பான கதை இருக்கு. 1980-களில் அமெரிக்காவில் பழுதான தட்டுக்குப் பதிலாக டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டு வைத்தார்கள். அது மூட்டுக்குள் தேய்ந்து சிதறி, சுற்றியிருந்த எலும்பையே அரித்தது. 1990-களின் தொடக்கத்தில் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. வலியைப் போக்கப் போனவர்களில் பலர் ஆயுசுக்கும் வலியோடு நின்றார்கள்.

அதனால், ‘நாலு பல்லை எடுத்துட்டா சரியாகிடும்’, ‘பல்லைத் தேய்ச்சு லெவல் பண்ணிடலாம்’ என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்க. எடுத்த பல் திரும்ப வராது.

காத்திருக்கக் கூடாதது எது?

உங்க கையின் நடு மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி வாய்க்குள் நுழைத்துப் பாருங்க. மூன்றும் போனால் கவலையில்லை. இரண்டுதான் போகுதா? பாக்கு, பான் மசாலா போடும் பழக்கமும் இருக்கா? அப்போ இது மூட்டுப் பிரச்னையாகவே இல்லாமல் இருக்கலாம். பாக்கு வாயின் உள் தோலை நார் நாராக இறுக்கிவிடும். காரம் பட்டால் எரியும், கன்னத்தின் உட்பக்கம் வெளுக்கும், வாய் மெல்ல மெல்லச் சுருங்கும். இதற்கு சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் என்று பேர். புற்றுநோயாக மாறக்கூடியது. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோய்க் காரணிதான் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே சொல்லிவிட்டது. புகையிலைக்கும் பேர் வாங்கிய மாவட்டம் நம்முடையது என்பதால் இதை அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கு.

அடுத்தது குழந்தைகள். கீழே விழுந்து முகவாயில் அடிபட்டால் தையல் போட்டு அனுப்பிவிடுவார்கள். அடி முகவாயில், ஆனால் உடைவது காதோரம் உள்ள மூட்டு எலும்பாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிக்கொள்ளும். வாய் திறக்காது, கீழ்த்தாடை வளராது, தூக்கத்தில் மூச்சு திணறும். பிறகு ஆபரேஷனும், மாதக்கணக்கில் வாய் திறக்கும் பயிற்சியும்தான் வழி. தையல் காய்ந்த பிறகும் குழந்தை வாயை முழுசா திறக்கலைன்னா எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்க.

கொட்டாவி விட்டு வாய் திறந்தபடியே நின்னுட்டா, கன்னத்தில் தட்டி மூட முயற்சி பண்ணாதீங்க. டாக்டர் கட்டை விரல்களால் கடைவாய்ப் பக்கம் கீழே அழுத்திப் பின்னால் தள்ளி ஏற்றிவிடுவார். 3,600 வருஷத்துக்கு முந்தைய எகிப்து மருத்துவச் சுவடியிலேயே இந்த முறை இருக்கு.

தாடிக்கொம்பில் இருந்து எங்கே போறது?

சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் தன்வந்திரி சன்னதி இருக்கு. கும்பிட்டுவிட்டு அப்படியே திண்டுக்கல் பஸ் ஏறிடுங்க. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவில் காட்டலாம். ஆபரேஷன் தேவைப்படும் கேஸ் என்றால் பார்க்க வேண்டியவர் வாய், முக அறுவை சிகிச்சை நிபுணர். புதுக்கோட்டையில் 2023-ல் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது.

ஒரே ஒரு தாடை வலிக்கு மட்டும் பல் டாக்டரைத் தேட வேண்டாம். நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ தாடை வலித்து, கூடவே நெஞ்சில் அழுத்தம், வேர்வை, மூச்சு வாங்கல் இருந்தால் அது இதயமாக இருக்கலாம். உடனே 108-க்கு போன் போடுங்க.