சுத்தியலுக்கு முன்னே தண்ணீர்

மாடியில் பல வருடமாகக் கிடக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உடையாமல் இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழையைச் சிமென்ட் இறுகப் பிடித்திருக்கிறது. அந்தப் பிடி விடுவது, வீட்டைப் புதுப்பிக்க ஆள் வரும் நாளில்தான். துருப்பிடித்த ஜே போல்ட் சுலபமாகக் கழலாது. கடப்பாரையால் ஓர் இடி; ஷீட் நொறுங்கிக் கீழே விழும். சித்தாள் துடைப்பத்தால் கூட்டி அள்ளுவார். தரை மேடாக்கும் மண்ணோடு துண்டுகளும் போய்ச் சேரும்.

அந்தத் தூசியில் உள்ள இழைகள் கண்ணுக்குத் தெரியாதவை. மூச்சோடு போனால் நுரையீரலிலேயே தங்கிவிடும். எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதீலியோமா வெளியே தெரிய 20 முதல் 40 ஆண்டுகள் ஆகலாம். இடித்த அன்று யாரும் இருமுவதில்லை, அதனால் யாரும் பயப்படுவதுமில்லை. கல்நார் ஆலைகள் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை, வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் உத்தரவிட்டது. கூரை பிரிக்கும் தினக்கூலிக்கு ஏது பதிவேடு? ஐரோப்பிய ஒன்றியம் 2005-லேயே தடை செய்த இந்தச் சரக்கு நம் ஊர்க் கடைகளில் இன்றும் விற்கிறது.

ஷீட் நன்றாக இருந்தால் அப்படியே விடுங்கள். வெள்ளை அடிப்பதற்காகக் கம்பி பிரஷ் போட்டுப் பாசியைத் தேய்க்காதீர்கள், துளையும் போடாதீர்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் சோப்புக் கரைசல் கலந்த தண்ணீரை மெல்லத் தெளித்து ஊற விட்டு, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்க வேண்டும். துணியோ சாதாரண முகக்கவசமோ இந்த இழையைத் தடுக்காது. நுண்தூசிக்கென்றே உள்ள, முகத்தில் இறுகப் படியும் கவசம் வேண்டும். விழுந்த துகளை ஈரத்துணியால் துடையுங்கள், கூட்டக் கூடாது. தடித்த பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, எங்கே ஒப்படைப்பது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

பழைய ஜன்னல், கிரில்லில் உள்ள எனாமல் பெயின்ட்டும் லேசுப்பட்டதல்ல. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் தரையில் படியும். தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும். குழந்தையின் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல எந்த அளவும் இல்லை. நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். அந்த நாட்களில் பிள்ளைகள் பாட்டி வீட்டில் இருக்கட்டும்.

இதையெல்லாம் மேஸ்திரியிடம் கூலி பேசும்போதே பேசி, அதற்கான செலவையும் சேர்த்துக் கொடுங்கள். வேலை செய்தவர்கள் குளித்து, உடை மாற்றிக்கொண்டு போக ஏற்பாடு செய்யுங்கள். கல்நார் தொழிலாளிகளின் துணியைத் துவைத்த மனைவிமாருக்கும் மீசோதீலியோமா வந்திருக்கிறது.